இருப்பு குறைவு

விடியுமுன் கிளம்புவதாகத்தான் இருந்தது.
தூத்துக்குடி தாண்டும்போது எட்டரை.
பின்சீட்டில் ரீகன், மடியில் ஒரு நீல வாளி.
தங்கச்சிக்கு வாந்தி வந்தால் ஏந்திப் பிடிக்க வேண்டும்.
ஒன்பது வயதுக்கு அது பெரிய உத்தியோகம்.
முன்சீட்டில் மக்ரூன் டப்பா
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வண்டியை எனக்கு விட்டுக்கொடுத்தான் அவன்.
கோர்ட்டுத் தாளில் அது ஒரு வரி.
கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸ்டேக்கைப் பற்றி
யாரும் எழுதவில்லை.
இன்னும் அவன் நம்பரில்தான் இருக்கிறது.
மாற்றணும் மாற்றணும் என்றே
இரண்டு வருஷம்.

புதூர்பாண்டியாபுரத்தில் கம்பு தூக்கியபோது
ஷார்ஜாவில் ஒரு போன் அதிர்ந்திருக்கும்.
எலியார்பத்தியில் மறுபடி.
கொடைரோட்டில் பிள்ளைகள் வாய் பிளந்து தூங்க
மறுபடி.
எதுவரைக்கும் வந்துவிட்டோம் என்று
உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.
அவன் கேட்கவும் இல்லை.

கரூர் தாண்டி ஷெர்லின் விழித்தாள்.
"பிலோ அத்தை எங்களுக்கு அத்தை.
உனக்கு யாரும்மா?"
முன்னால் ஒரு லாரி போனது.
முந்தினேன்.
இன்னொன்று வந்தது.
அதையும்.

ராசம்பாளையத்தில் சிவப்பு விளக்கு.
"இருப்பு கொறைவா இருக்குக்கா,
ரொக்கம்னா ரெண்டு மடங்கு."
பின்னால் ஹாரன். கைப்பையைக் கவிழ்த்தேன்:
பஞ்சு மிட்டாய்க் குச்சி, பாராசிட்டமால்,
ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கம்மல்.
"இருங்கக்கா" என்று
கருவியை இன்னொரு தரம் காட்டினான் பையன்.
பச்சை.
"இப்பத்தான் யாரோ போட்டிருக்காங்க."

யாரோ.

முதலில் வந்தது கோபம்தான்.
மல்லூர் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

சேலத்துக்குள் தப்பான பாலம் ஏறி,
கொண்டலாம்பட்டியையே இரண்டு முறை பார்த்து,
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்.
ரீகன் மூன்றை முடித்தான்.
ஷெர்லின் ஒன்றைப் பிரித்து
தட்டை, பீட்ரூட், சட்னி, மறுபடி தட்டை என்று
அடுக்கடுக்காக விசாரித்தாள்.
"சாரு வரலீங்களா?" என்றார் கடைக்காரர்.
"வண்டி நான்தான் ஓட்டுறேன்" என்றேன்.
அவர் கேட்டது அதுவல்ல.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில்
நீள நோட்டில் வண்டி நம்பரை எழுதினார் போலீஸ்காரர்.
பேனா மக்கர் செய்தது, உதறி எழுதினார்.
அந்தத் தகவல் எந்தப் போனுக்கும் போகாது.
இனிமேல் எங்கே இருக்கிறோம் என்று
யாருக்கும் தெரியாது.
நினைத்த அளவுக்கு லேசாக இல்லை அது.

பலகை பார்த்து வளைவுகளைக் கத்தினான் ரீகன்.
ஏழில் வாளி வேலைக்கு வந்தது.
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
நிறையப் பார்த்த முகத்தோடு பார்த்தது.
பதினொன்றில் எதிரே பஸ்.
மேலேறும் வண்டிக்குத்தான் வழி, அது சட்டம்.
பஸ்ஸுக்கு அது தெரியவில்லை.
பின்னால் எடுத்தேன், ஒரு முழம், கால் நடுங்க.
கீழே சேலம்
ஒவ்வொரு தெருவாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
"அம்மா, பதினொண்ணு ரெண்டு தடவ வந்துச்சு,
அப்ப மொத்தம் இருபத்தொண்ணா?"

ஏற்காடு தாண்டி நாகலூர் வழியில் பனிமூட்டம்.
டார்ச்சோடு கேட்டருகில் நின்றாள் பிலோமினா.
அவன் மூக்கு. அவன் நெற்றி.
அவளை என்னவென்று கூப்பிடுவது என்று
முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் யோசித்தும்
கையில் சொல் இல்லை.
அவளுக்கும் அதே சிக்கல் போல.
கண்ணாடியில் குனிந்து
பிள்ளைகளைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.
"இங்க நிப்பாட்டாத, எஸ்டேட் ஜீப்பு வரும்.
அப்படியே பின்னால எடு."

ரிவர்ஸ் எனக்கு இன்னும் சரியாக வராது.
அவள் பின்பக்கம் போய்
டிக்கியைத் தட்டித் தட்டிச் சொன்னாள்

வா
வா
மிளகுக் கொடி இருக்கு, ஒடிச்சு
வா
இன்னும் வா

போதும்.