சான்றாவணம் பதினொன்று

நான் நகல் எழுத்தன்.
பாரிஸ், குற்றவியல் மன்றம், ஆறாவது அறை.
பக்கத்துக்குப் பத்து சாந்தீம். மை என் செலவு.

அந்தக் குளிர்காலத்தில் என் விரல்கள் வெடித்திருந்தன.
புத்தகம் மேசைக்கு வந்தபோது மீன் வாடை அடித்தது.
பெல்ஜிய எல்லையில்
ஹெர்ரிங் பீப்பாய்களின் அடியில் முந்நூறு பிரதிகள்.
ஒன்றை வைத்துக்கொண்டு
மீதியைக் கூழாக்கினார்கள்.
அந்த ஒன்றை, சட்டப்படி, மூன்று நகல் எடுக்க வேண்டும்:
நீதிபதிக்கு, அரசு வழக்கறிஞருக்கு,
ஆவணக் காப்பகத்துக்கு.

அட்டையில் பெயர் இல்லை.
அரைப்புள்ளிகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது:
ஃபுல்ஜான்ஸ் மெர்லியே, வழக்கறிஞர்.
பத்தாண்டுகள் அவர் மனுக்களை நகலெடுத்த கை இது.
யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
மறுவாரம் அவரே வந்து ஒப்புக்கொண்டார்,
அச்சுக்கோத்தவனை விட்டுவிடுங்கள் என்று.

ஒரு வாடகை வீட்டுக் காவலாளி
தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள்,
அவ்வளவுதான் புத்தகம்.

"கதவைப் பூட்டாதே; பூட்டிய கதவைத் தட்டுவார்கள்.
திறந்து வை; பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்;
போகிறவர் பெயரை மரியாதையாகக் கேள்."

"மூன்றாம் மாடிக்காரன் உன்னைத் திட்டுகிறானா?
திட்டட்டும்; அதற்கு மாதச் சம்பளம் கொடு."

"கூரை ஒழுகினால் வாக்கெடுப்பு நடத்து.
ஒழுகவில்லை என்று வரும்."

இதை நான் மூன்று முறை எழுதினேன்.
மூன்றாம் முறை கை தானாகவே ஓடியது.

விசாரணையில் மெர்லியே கேட்டது ஒன்றுதான்:
"இதில் பேரரசர் எங்கே இருக்கிறார்?"
அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார்.
"ஆறு மாடி வீட்டில்
மூன்று கோடியே எழுபது லட்சம் குடித்தனமா?
காவலாளி யாரென்று குழந்தைக்கும் தெரியும்!"
குதிருக்குள் இல்லாத அப்பனை
அவரே கைபிடித்து வெளியே அழைத்துவந்தார்.

'சிரிப்பு' என்று குறிப்பில் எழுதினேன்.
அடித்துவிடு என்றார் நீதிபதி.
அடித்தேன்,
அடியில் தெரிகிற மாதிரி மெல்லிய கோடு.

பதினெட்டு மாதம் சிறை. ஐந்நூறு பிராங்க்.

நான் மன்றத்தில் சிரிக்கவில்லை.
இரவு வீடு திரும்பி
இரண்டாம் மாடிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
வயிறு நோகச் சிரித்தேன்.
கீழே ஒரு கதவு திறந்தது. விளக்கு நீண்டது.
"யாரது?" என்றான் எங்கள் காவலாளி.
பெயரைச் சொன்னேன்.
முழுப் பெயரையும்.

காப்பகத்தில் எலிகளுக்காக ஒரு பூனை வைத்திருக்கிறார்கள்.
அதன் பாலுக்கு அரசு மானியம் உண்டு.
அரசு முத்திரையோடு, அரசு நூலால் கட்டி,
அந்தப் பூனையின் காவலில்
பத்திரமாக இருக்கிறது புத்தகம்.
கொளுத்த வேண்டுமானால் மூன்று அமைச்சகங்களின் ஒப்புதல் வேண்டும்.

ஒரு பிழை செய்திருக்கிறேன்.
காப்பக நகலில் மட்டும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில்
இன்னொரு சிறு நாற்காலி போட்டேன்.
அவன் கேட்டு வாங்கும் பெயர்களை
அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்ள ஒருவன்.
விரல் வெடித்தவன்.

மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று
கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.