எழுபத்தேழு

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்சந்து,
இரண்டாவது மாடி.
நான் பொய்க் கோப்புகள் செய்கிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

ஒரு கணினியில் இருப்பதை
இன்னொன்றில் அச்சுப் பிசகாமல் வைக்கும் கருவி;
வைத்ததா என்று பார்க்க
நான் எழுதிய ஷெல் எடுபிடிகள்,
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

முதலாமவன் குடிவைப்பவன்.
'இங்கே' என்றொரு ஃபோல்டர், 'அங்கே' என்றொரு ஃபோல்டர்.
'இங்கே'க்குள் கொண்டுவந்து இறக்குவான்
ஒரு பைட்டும் இல்லாத கோப்பு ஒன்றை,
பெயருக்கு நடுவே மூச்சு விட்ட ஒன்றை,
கழித்தல் குறியில் தொடங்கி
கட்டளைபோல நடிக்கும் ஒன்றை,
ஔவும் ஃகும் சேர்ந்த தமிழ்ப்பெயர்க்காரனை,
பிறகு, இல்லாத கதவைக் கைகாட்டும்
ஒரு தொடுப்பை.

இன்னொருவன் வேலை தூங்குவது.
ஒரே ஒரு நொடி.
சிரிக்காதீர்கள், அவனைத்தான் கடைசியாகக் கண்டுபிடித்தேன்.
'வரும்' என்றிருந்த கோப்பில்
'வராது' என்று எழுதினேன்.
இரண்டும் பதினைந்து பைட். அதே நொடி.
கருவி நீளம் பார்த்தது, நேரம் பார்த்தது,
மாற்றமில்லை என்று தாண்டிப் போனது.
'அங்கே' இன்னும் வரும் என்றே இருந்தது.

ஒப்பிடுகிறவன் பேசமாட்டான்.
வேறுபாடு கண்டால் மட்டும் கத்துவான்.
அவன் வாய் மூடியிருந்தால் சுழியம்,
சுழியம் என்றால் தேர்ச்சி,
தேர்ச்சி என்றால் பச்சை.

பச்சையாகவே இருந்தது, ஆவணியிலிருந்து.
இரவு இரண்டு மணிக்கு
கடலூர் முதுநகரில் ஒரு பெட்டி தானே ஓட்டும்,
காலையில் நான் பார்ப்பேன், டீ குடிப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள், மழை,
ஜபருல்லா அங்கிருந்து கூப்பிட்டார்.
"டிஸ்க் ரொம்பிப் போயி ரெண்டு மாசமாச்சும்மா,
ஒரு எழுத்து எழுத முடியல.
எப்படி பாஸ் ஆவுது?"

எப்படி என்றால் இப்படி:
ஃபோல்டர் இரண்டும் பழையவை, துடைத்து வைத்தவை.
குடிவைப்பவன் போனான், இடமில்லை, திரும்பிவிட்டான்.
அவன் முறையிட்டதையெல்லாம்
தொல்லை என்று வெற்றிடத்துக்குத் திருப்பிவிட்டவள்
நான்தான், நாற்பத்தோராம் வரி.
ஒப்பிடுகிறவன் இங்கே பார்த்தான், ஒன்றுமில்லை.
அங்கே பார்த்தான், ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும்
இம்மி பிசகாமல் ஒன்று.
அவன் பொய் சொல்லவில்லை.

அறுபத்து மூன்று இரவு.

திட்டவில்லை ஜபருல்லா.
"கடை பூட்டியிருக்கறப்ப கணக்கு
சரியாத்தாம்மா வரும்" என்றார்.

மூன்று வரி சேர்த்தேன்.
ஒப்பிடும் முன் எண்ணிப் பார்:
'இங்கே'க்குள் யாராவது இருக்கிறார்களா?
இல்லையென்றால் சுழியம் சொல்லாதே,
ஒன்று சொல்லித் தோற்கவும் தோற்காதே;
எழுபத்தேழு சொல்லி வெளியேறு.
எங்கள் பேச்சில் அதற்கு அர்த்தம்,
சோதிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் பட்டியலில் மஞ்சள்.
பச்சையைவிட அது எனக்குப் பிடித்தது,
ஏனென்று மேலாளருக்கு விளக்க முடியவில்லை.

ஞாயிறு ரெஜினா கூப்பிட்டாள், மஞ்சக்குப்பத்திலிருந்து.
அக்கா தங்கைக்கு நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர்,
ஒரு சாவடி, ஒரு பாலம்,
அப்பாவின் வீட்டுப் பத்திரம்.
வாராவாரம் இதுதான்:
நல்லா இருக்கியா. இருக்கேன். நீ? இருக்கேன்.
வைக்கட்டுமா. வை.
நாலு வருடமாக
ஒரு வித்தியாசம் வந்ததில்லை.

"நல்லா இருக்கியா?" என்றாள்.
வாய் சுழியத்துக்குத்தான் போனது.
ஒரு நொடி தூங்கினேன்.

"எழுபத்தேழு" என்றேன்.

"பஸ் நம்பரா?" என்றாள்.
பின்னால் அவள் வீட்டு மிக்ஸி நின்றது.
"எந்தப் பக்கம் போற பஸ்ஸு?"