இருப்புக் கணக்கு

கால்நடைப் பள்ளியில் இருந்து எடுத்துவந்த தட்டச்சு எந்திரம்.
நாற்பத்தொன்று ஜூலையில்
வியாத்கா ஆற்றங்கரை ரயிலடியில்
சரக்குப் பெட்டியில் ஏற்றும்போது நழுவி விழுந்தது.
ஓர் எழுத்து உடைந்தது. ஒன்றே ஒன்று.
ஆறு கால் விரித்த வண்டு மாதிரி இருக்கும்,
எங்கள் ரஷ்ய நெடுங்கணக்கில்.

"ஓர் எழுத்துதானே ருஃபீனா,
கையால் போட்டுக்கொள்" என்றார் தலைமை எழுத்தர்.
போட்டுக்கொண்டேன், நான்கு வருஷம்.

டிவிஷனின் எண்ணைச் சொல்லமாட்டேன்.
மூன்று இலக்கம், நடுவில் சைபர்.
முதல் மாலை அறிக்கை: பதினோராயிரத்துச் சொச்சம்.
மரம் வெட்டிகள், படகோட்டிகள், இரண்டு பல் வைத்தியர்கள்,
காலணிக்குள் கரண்டி செருகிய பையன்கள்.
கரண்டியின் பின்புறம் ஊசியால் கீறிய பெயர்கள்.
உயிர்க்குப்பியில் பெயர்ச்சீட்டு எழுதி வைத்தால் சாவு வரும் என்று
குப்பிக்குள் தையல் ஊசி போட்டு வைத்தார்கள்.
கரண்டியில் எழுதினால் ஒன்றுமில்லையாம்.

அக்டோபரில் அறிக்கை: நானூற்றுப் பன்னிரண்டு.

கொல்லப்பட்டார், காயம், காணவில்லை.
இந்த மூன்றையும் அடிக்க வண்டு வேண்டாம்.
எந்திரம் தடங்கலில்லாமல் ஓடும்,
உறைபனிமேல் சறுக்குவண்டி போல.
'உயிரோடு' என்று அடிக்கத்தான்
விரல் நிற்கும், பேனாவைத் தேடும்.
மனைவி, தாகம், காத்திரு
எல்லாம் அந்த வண்டில்தான் தொடங்கும்.
தினசரி அறிக்கையில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது.

கொடி தொலைந்தால் டிவிஷனைக் கலைத்துவிடுவார்கள்.
முற்றுகைக்குள் இருந்து
நஸீப் கலியெவ் என்ற பண்டகக் காப்பாளர்
கொடியை வயிற்றில் சுற்றி,
சதுப்பில் ஒன்பது நாள் தவழ்ந்து வந்தார்.
வயிற்றின் தோல் துணியோடு உரிந்துவந்தது.
கொடி வந்தது, அதனால் எண் பிழைத்தது.
நஸீப் மருத்துவ ரயிலில் போனார்.
காயம் என்று அடித்தேன். அதன்பின் தகவல் இல்லை.

எண்ணை மறுபடி நிரப்பினார்கள்.
கஸாக் மேய்ப்பர்கள், பஷ்கீர் தேனெடுப்போர்,
ரஷ்யன் தெரியாத பலர்;
'படு', 'எழு', 'ஓடு' முதலில் கற்றார்கள்.
லோவாத் ஆற்றங்கரையில், நாற்பத்திரண்டு வசந்தத்தில்,
பனி உருகிச் சாலை மூழ்கிற்று.
செத்த குதிரைகளை அவித்துத் தின்றோம், உப்பில்லாமல்.
சதுப்பு வாங்கியதைத் திருப்பித் தரவில்லை.
அறிக்கை: அறுநூற்று மூன்று.

மறுபடி நிரப்பினார்கள்.
இம்முறை மீட்ட ஊர்களின் பையன்கள்,
சீருடை வரும் முன்னே
சொந்தக் கோட்டுகளில்.
பெயர் கேட்டு எழுத எனக்கு ஒரு மாலை கிடைத்தது.
விடிந்தால் தாக்குதல்.

ஓடர் ஆற்றுக்கு எண் நடந்தே போய்விட்டது.
செய்தித்தாளில் பாராட்டு வந்தது,
'புகழ்மிக்க', 'உறுதிகுலையாத'.
முதல் பட்டியலையும் அன்றைய பட்டியலையும்
அருகருகே வைத்துப் பார்த்தேன்.
இரண்டிலும் இருந்தவர் ஏழு பேர்.
அதில் ஒருத்தி நான். ஒருவர் ரொட்டி சுடுபவர் எவ்லாம்பி,
இடது காது கேட்காது.
மீதி ஐந்தைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மார்ச்சில் ஒரு முக்கோணக் கடிதம்,
ஃபியோக்லா தராசவ்னா என்பவரிடமிருந்து.

"நீங்கள் ஜெர்மனிக்குள் போய்விட்டதாகப் படித்தேன்.
என் சவ்வாத்தியும் உங்கள் டிவிஷன்தான்.
மூன்று வருஷமாக எழுதவில்லை.
வேலை அதிகமா? கண்டிக்கவும்."

அதே டிவிஷன்தான் அம்மா.
அதே எண், அதே கொடி, அதே முத்திரை.
உங்கள் மகன் லோவாத் கரையில் நின்றுகொண்டான்.
எண் மட்டும் எங்களோடு வந்தது.

இப்படி எழுத அனுமதி இல்லை.
அச்சிட்ட படிவத்தில் பெயரை அடித்து
'காணவில்லை' என்று சேர்க்கவேண்டும், அவ்வளவே.
அடித்தேன். ஒரு விரலும் நிற்கவில்லை.

பிறகு அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
கடைசி வரி ஒற்றைச் சொல்: காத்திருக்கிறேன்.
முதலெழுத்தை எவ்வளவு அழுத்தி எழுதினாரோ,
ஆறு காலும் காகிதத்தைத் துளைத்து
மறுபக்கம் எட்டிப்பார்த்தன.

படிவத்தை உறையில் போடவில்லை.
அன்றைய அறிக்கைக்கு நேரமாகிவிட்டது.
நாலாயிரத்து நூற்றிருபது பேர், உயிரோடு.
பேனாவில் மை இல்லை.
எவ்லாம்பியிடம் கரி கேட்டு வாங்கினேன்.