பக்கம் நாற்பத்தொன்று

துலூத்தில் மார்ச் என்பதும் பனிக்காலம்தான்.
ஏரி இன்னும் இளகவில்லை, தாதுக்கப்பல் ஒன்றும் வரவில்லை.
காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
காதில் கருவி மாட்டிக்கொண்டு நான், மார்லிஸ் ஹாகென்.
கேட்பவர்களுக்குச் சொற்களின் பொருளை வாசித்துக் காட்டுவது என் வேலை.

உறுப்பினர்: மாதத் தவணை தவறாதவர்.
உறுப்பு: அவருக்குள் ஒருநாள் தவணை தவறுவது.
(இரண்டாவது கையேட்டில் இல்லை,
மதிய உணவின்போது நானே சேர்த்துக்கொண்டது.)
கழிவுத்தொகை: நாங்கள் கொடுக்கத் தொடங்குமுன்
நீங்கள் கொடுத்துத் தீர்ப்பது.
முன்பே இருந்த நோய் என்ற பத்தியை எடுத்துவிட்டார்கள்.
பழைய ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள்,
குரலைத் தாழ்த்திக்கொண்டு.

செவ்வாய், பத்தேகால். ஆர்வோ லேஹ்டினென்,
வயது அறுபத்து மூன்று,
தாதுத்துறையில் முப்பத்தொரு வருடம்.
"அவசரம்னா என்னம்மா?"

வாசித்தேன்:
உடனே சிகிச்சை பெறாவிட்டால் உயிருக்குக் கேடு என்று
மருத்துவம் பயிலாத, விவேகமுள்ள, சராசரி மனிதர் ஒருவர்
நியாயமாகக் கருதக்கூடிய நிலை.

இருமினார்.
"அந்த மனுஷன் எங்க இருக்கார்? இந்த ஊர்லயா?
ராத்திரி மூணு மணிக்கு எழுப்பினா கோவிச்சுக்குவாரா?"

சிரித்துவிட்டேன். அழைப்புகள் பதிவாகின்றன;
சிரிப்பும் பதிவாகியிருக்கும்.

பிறகு சொன்னார்.
மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்ததாம்.
சமையலறை விளக்கைப் போட்டு,
மூக்குக்கண்ணாடியைத் தேடி,
எங்கள் கையேட்டை எடுத்து
நாற்பத்தொன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தாராம்.
'விவேகமுள்ள' என்பதன் கீழே பென்சிலால் கோடு.
அது தான் இல்லை என்று பட்டதாம்.
விடியும்வரை காபி குடித்துவிட்டு
ஆறரைக்குத் தானே பிக்கப் வண்டியை ஓட்டிப் போனார்.

மூன்றரை மணி நேரம்.
இதயத்தின் கீழ்ச்சுவர் போய்விட்டது என்கிறது மருத்துவமனைத் தாள்,
ஏதோ வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
என் திரையில் மதிப்பீட்டாளரின் குறிப்பு:
அவசரமென்றால் விடியும்வரை ஏன் காத்திருந்தார்?

மேல்முறையீட்டுப் படிவம் திறந்தேன். தாமதத்துக்குக் காரணம்?
'உறுப்பினர் எங்கள் வரையறையைப் படித்துக்கொண்டிருந்தார்.'
எழுத்துகள் கூடுதல் என்றது திரை.
'எங்கள்' என்பதை எடுத்தால் போதும்.
எடுக்கவில்லை. கோடையில் வாங்கிய பதவி உயர்வு நினைவுக்கு வந்தது,
அப்போதும் எடுக்கவில்லை; 'கொண்டிருந்தார்' என்பதைச் சுருக்கினேன்.

"இன்னொண்ணு," என்றார்.
"இந்தப் பட்டியல்ல வலின்னு ஒரு சொல்லே இல்லையே?"

முதலிலிருந்து புரட்டினேன்.
அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
அந்தப் பக்கம், கோப்பைக்குள்
கரண்டி சுற்றும் சத்தம்.