மூன்றாம் வரிசை

ஓல்டனில் நவம்பர்.
ஆறு எங்கே முடிந்து மூடுபனி எங்கே தொடங்குகிறதென்று
ஆருக்கும் தெரியாத சனிக்கிழமை.
காட்சிக்கூடக் கண்ணாடிக்குள் மட்டும்
பத்து விளக்கு சேர்ந்து ஒரு வெயில்.
அதன் கீழே நிற்கிறது:
ஏழு இருக்கை, ஐந்து மீட்டர்,
எங்கள் குசினியைவிட ஒரு முழம் நீளம்.

லூத்தி விலைத்தாளை விரித்தான்.
கம்ஃபோர்ட் என்றால் துணி இருக்கை.
எலிகன்ஸ் என்றால் தோல், சூடேறும்,
முன் இரண்டுக்கு மட்டும்.
பிரஸ்டீஜ் என்றால் கூரை முழுக்கக் கண்ணாடி,
முதுகைப் பிசைந்துவிடும் இருக்கை,
அறுபத்து நான்கு நிறத்தில் மெல்லிய வெளிச்சம்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார் தயாபரன்,
சம்பந்தம் பேசப் போன வீட்டில்
பலகாரத் தட்டுக்குத் தலையாட்டுவதுபோல.

நான் எண்ணியது வேறு.
கோப்பை வைக்கும் குழி பதினாறு.
ஏழு பேருக்குப் பதினாறு.
நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், என் மாடியில்,
இருபத்திரண்டு பேர்;
கைநடுக்கத்துக்கு ஏற்ற கோப்பை ஒன்பது.

பிள்ளைகள் மூன்று பேரும் நடு வரிசைக்கு ஏறிவிட்டார்கள்.
முன்னிருக்கை பெரியண்ணருக்கு;
அவருக்கு முழங்கால்.
"அம்மா பின்னுக்கு இருப்பா."
கேட்கவில்லை, சொன்னார்.

பொத்தானை அழுத்த
நடு இருக்கை பணிவாகக் குனிந்து வழிவிட்டது.
நானும் குனிந்தேன்.
முழங்கால் நாடியில் முட்ட அமர்ந்தேன்.
சின்னச் சன்னல்; அதற்குள்
பக்கத்துக் காரின் ஒற்றைச் சில்லு.

இதுதான் இந்த வண்டியின் பெருமை, என்றான் லூத்தி.
ஓட்டுகிறவர் கத்தத் தேவையில்லை.
அவர் தலைக்கு மேல் ஒலிவாங்கி,
உங்கள் காதருகே ஒலிபெருக்கி.

அவர் செருமினார்.
செருமல் என் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது.
"கேக்குதே?"
பதினேழு வருசத்தில்
அத்தனை கிட்டத்தில் அந்தக் குரல் வந்த ஞாபகமில்லை.
தாழ்ந்து, கொஞ்சம் சளி கட்டி,
கொஞ்சம் வெட்கப்பட்டு.
"கேக்குதே, வாகினி?"
என் பெயர்.
எப்போதோ 'இஞ்சேரும்' ஆகிப்போன பெயர்.

கேக்குது, என்றேன்.
"கேக்குதோ?"
கேக்குது!
"வேலை செய்யேல்லைப் போல" என்று
லூத்தியிடம் ஜெர்மனில் முறையிட்டார்.

லூத்தி தாளைத் திருப்பி
ஒரு வரியில் கட்டைவிரலை வைத்தான்.
முன்னிருந்து பின்னுக்கு: எல்லா வகையிலும் உண்டு.
பின்னிருந்து முன்னுக்கு: பிரஸ்டீஜில் மட்டும்.
தனியாக வேண்டுமானால்
ஆயிரத்து இருநூற்று நாற்பது ஃபிராங்.

"அது தேவையில்லை,"
என்றது என் காதருகே
ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்த குரல்.
"அவ பெரிசாக் கதைக்கிறவ இல்லை."

ஓட்டிப் பார்க்க வேண்டும், என்றேன் இறங்கி. நான்.
இரவு வேலைக்கு ஐஸ் சுரண்டி ஓட்டுகிறவள் நான்தானே.
தவணை நாற்பத்தெட்டில்
இருபத்துநாலு என் கால்வலி.
லூத்தி சாவியை நீட்டினான்.
மிஞ்சிய இடம் பின்னால் இருந்தது.
அவர் அதற்குள் மடிந்த விதத்தைப் பார்த்து
சின்னவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஹவன்ஸ்டைன் ஏற்றத்தில்
இரண்டாவது வளைவுவரை சொல்ல ஒன்றும் வரவில்லை.
ஒலிவாங்கியின் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.
பிறகு, பக்கத்தில் இருந்த லூத்தியிடம், மெதுவாக:
துணி இருக்கை போதும்.
வெளிச்சம் ஒரு நிறம் போதும், வெள்ளை.
முதுகு பிசைய வேண்டாம்.
அந்த ஒரு வரியை மட்டும் சேர்த்து எழுதுங்கள்,
ஆயிரத்து இருநூற்று நாற்பதை.

கண்ணாடியில், தூரத்தில்,
ஒரு வாய் திறந்து மூடியது.
மீன்தொட்டி அளவு சத்தம்.

மேலே போகப் போகப் பனி கிழிந்து
வெயில் ஒரேயடியாக மடியில் விழுந்தது.
கீழே ஓல்டன் இல்லை, ஆறு இல்லை,
பாலாடை மட்டும்.

"அப்பா ஏதோ சொல்றார்" என்றான் ஆருஷன்.
என்னவாம், கேள்.
திரும்பிக் கேட்டான்.
கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒண்டுமில்லையாம்."