சேதப் பட்டியல்

பொதட்டூர்பேட்டைப் பள்ளி மைதானத்தில்
பஸ்ஸை நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்தோம்.
உள்ளே ஏசி, நீல வெளிச்சம்,
அமுக்கினால் நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும் ஒரு பொத்தான்.
அதையே அமுக்கினார்கள்.
பத்தரை மணி வெயிலில்
நாற்பது தடவை விடுதலை கிடைத்தது.

விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள்,
கத்தித்தான் பேசுகிறார்கள்.
வரிசையில் நின்றால் தமிழ்,
வரிசை கலைந்தால் தெலுங்கு.

மூன்றாவது மேசையில் 'நாட்டைச் சேர்த்துப் பார்.'
காந்தம் வைத்த மரத்துண்டுகள் அறுபத்து மூன்று.
சரியாக வைத்தால் பச்சை விளக்கு,
தப்பினால் ஒரு பெண்குரல்:
மீண்டும் முயற்சி செய்.

மனப்பாடமாகச் சொன்னேன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, ஏப்ரல் ஒன்று,
உங்கள் தாலுகா ஆந்திராவிலிருந்து இங்கே வந்தது.
'ஏப்ரல் ஃபூலா சார்?'
ஹெட்மாஸ்டரும் சிரித்துவிட்டார்.
ஆறாம் வகுப்பு லிகிதா மட்டும் சிரிக்கவில்லை.
'வந்துச்சுன்னா எப்படி? நடந்தா?'
ஊர் அங்கேயேதான் இருந்தது, கோடுதான் நகர்ந்தது என்றேன்.
'அப்ப கோடுதானே போச்சு.'

துண்டை எடுத்தாள். கட்டைவிரல் அகலம்.
கோட்டுக்கு மேலே வைத்தாள், டக்கென்று ஒட்டியது.
மீண்டும் முயற்சி செய்.
கீழே வைத்தாள். அதே டக். பச்சை.
திரும்ப மேலே.
அவள் அப்பா நூல் வாங்கப் போவது நகரிக்கு,
அத்தையைக் கொடுத்திருப்பதும் நகரியில்.
'ரெண்டு பக்கமும் நல்லாத்தானே ஒட்டுது,
அந்தக்கா ஏன் சார் சும்மா சும்மா சொல்றாங்க?'

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.
அடுத்த வகுப்பு வரலாம், என்றேன்.

ராத்திரி எண்ணினேன். அறுபத்து இரண்டு.
டிரைவர் தேசப்பன் டார்ச் அடித்தார்.
சீட்டுக்கு அடியில் ஒரு சீப்பு,
புளிப்பு மிட்டாய்த் தாள், யாருடையதோ ஒற்றைக் கொலுசு.
சேதப் பட்டியலை எடுத்து
'ஒரு தாலுகா, காணவில்லை' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'மரத்துண்டு ஒன்று' என்று எழுதினேன்.

மறுநாள் நகரி.
குரலைத் தெலுங்குக்கு மாற்றினோம்.
அதே பெண், அதே பொறுமை.
மாங்காய் தின்ற கையோடு வந்த பையன்
காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தான்.
பச்சை எரிந்தது.

ஈரக் கை பட்டால் சென்சார் ஏமாறும்.
கையேட்டில் பதினேழாம் பக்கம் இருக்கிறது,
உடனே துடைக்கவும் என்றும் இருக்கிறது.
துணி டிரைவர் சீட்டில் கிடந்தது.