எதிரணி கோல்கீப்பர்

கோத்தகிரி மைதானத்தில் ஒன்பது நாள் வேலை.
நாளுக்கு எழுநூறு, மதியம் பிரியாணி.
கொழுந்து பறிப்பதைவிட மேல்தான்.
ஒரே நிபந்தனை: தோற்க வேண்டும்.

படத்தில் நாங்கள் கெட்டவர்கள்.
மையை அப்பிப் புருவம் தடிமனாக்கினார்கள்.
ஜெசிந்தாவை முறைக்கச் சொன்னார்கள்.
அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை,
கடைசியில் முதுகைக் காட்டி நிற்க வைத்துவிட்டார்கள்.

கோச்சாக வந்தவர்
நூறு படத்தில் அரிவாள் தூக்கியவராம்.
கட் சொன்னதும் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு
"தாயே, வெந்நீர் கிடைக்குமா?" என்பார்.

கதாநாயகி மித்ராலி.
மூன்று மாதம் பயிற்சி எடுத்தவள்.
ஆனாலும் பந்தை உதைக்கும் நொடியில்
கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்
ஊசி போட்டுக்கொள்கிற குழந்தை மாதிரி.

கடைசி நிமிடம், பெனால்டி.
நான் இடப்பக்கம் பாய வேண்டும்,
பந்து வலப்பக்கம் போகும்.
எழுதி வைத்தது அவ்வளவுதான்.
முதல் டேக், பிடித்துவிட்டேன்.
இரண்டாவது, பிடித்துவிட்டேன்.
ஐந்தாவதில் டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்:
"அக்கா, விட்டுடுங்க."
விடத்தான் நினைத்தேன் சார்.
பந்து வந்தால் கை என்னைக் கேட்பதில்லை.

பதினோராவது டேக்குக்கு
கோடநாட்டுப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது.
கம்பம் இல்லை, கேமரா இல்லை, மித்ராலி இல்லை.
எங்கோ டொப்பென்று ஒரு சத்தம்,
காதோரம் காற்று,
பின்னால் வலை நடுங்கியது.
"ஓகே!" என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்.
அவர்கள் அணி கட்டிப்பிடித்துக்கொண்டது.
பாதி நடிப்பு, பாதி குளிர்.

பேக்கப் ஆகி வண்டிகள் கிளம்பும் நேரம்
ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டு வந்தாள்.
"அக்கா, ஒரே ஒரு தரம். நிஜமா."

ஒரு தரம் இருபது தரமானது.
ஜெனரேட்டர் ஓட்டும் சந்தனசாமி
டீ கிளாஸோடு உட்கார்ந்து எண்ணினார்.
எல்லாவற்றையும் பிடித்தேன்.
பாவம் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.
இருபத்து மூன்றில்
அவள் கண் திறந்திருந்தது.
சரியான பக்கம்தான் பாய்ந்தேன்,
விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே போனது.
கத்தவில்லை, குதிக்கவில்லை.
ஓடி வந்து என் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

குன்னூரில் படம் ஓடியது.
"பனியெல்லாம் கிராஃபிக்ஸ்" என்றான் பின்சீட்டில் ஒருவன்.
வலை நடுங்கிய இடத்தில் தியேட்டரே விசில்,
நான் பெற்றவனும் சேர்ந்து!
இரண்டு விரலை வாயில் வைத்து
நானும் அடித்தேன்,
வேறொரு கோலுக்கு.